ஆலைப் பதிவேடும் வீட்டு வாசலும்: தொழில்நலச் செவிலியர் உலக அளவில் ஒன்றுகூடிய வரலாறு

1906ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து இத்தாலியையும் சுவிட்சர்லாந்தையும் இணைத்த சிம்ப்ளான் ரயில் சுரங்கம் அவ்வாண்டு திறக்கப்பட்டதைக் கொண்டாடும் காட்சி அது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம். அன்றைய உலகில் அதனினும் நீண்ட ரயில் சுரங்கம் வேறில்லை. மக்கள் இயந்திரங்களையும் ஓவியங்களையும் கண்டு வியந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், அதே நகரில் மருத்துவர்கள் பலர் வேறொரு காரியத்துக்காகக் கூடினர். உழைப்பினால் வரும் நோய்களைப் பற்றிய முதல் சர்வதேச மாநாடு அதுவே.

சுரங்கக் கொண்டாட்டத்தின் ஓரத்தில் நோய் மாநாடு நடந்தது தற்செயலன்று. சிம்ப்ளானுக்கு முன்னர், 1872 முதல் 1882 வரை கொட்ஹார்ட் சுரங்கம் வெட்டப்பட்டபோது, தொழிலாளர்கள் உடல் வெளுத்து, மூச்சிரைத்து, நடக்கவும் வலுவின்றிக் கூட்டங்கூட்டமாக வீழ்ந்தனர். அதற்குக் காரணம் குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு என்பதை எதுவார்தோ பெரொன்சிதோ என்னும் ஆய்வாளர் 1880இல் எடுத்துக்காட்டினார். வெப்பமும் ஈரமும் நிறைந்த குகைக்குள் கழிப்பிடம் இல்லாததே புழு பரவக் காரணம். சிம்ப்ளான் வேலையில் குளியலறையும் உடைமாற்றும் கூடமும் கழிப்பிட வசதியும் அமைத்தார்கள். கொட்ஹார்ட்டின் கொடுமை அங்கே திரும்பவில்லை. நோய் விதியன்று, நிர்வாகம் செய்யத் தவறியதன் விளைவு என்பதற்கு இரண்டு சுரங்கங்களும் அருகருகே நின்ற சான்றுகள்.

அம்மாநாட்டில் ஒரு நிரந்தர ஆணையம் உருவாயிற்று. இன்று சர்வதேசத் தொழில்நல ஆணையம் என்று அறியப்படும் அமைப்பின் தொடக்கம் அது. அதை நிறுவியோருள் ஒருவரான லூயிஜி டெவோட்டோ, 1910இல் மிலானிலேயே தொழில் நோய்களுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தார். அமைப்பின் தோற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்கள் மருத்துவர்களின் பெயர்கள். செவிலியர் எவருடைய பெயரும் அவ்வரிசையில் வருவதில்லை. ஆயினும் மிலானில் அவர்கள் கூடிய அந்த ஆண்டில் ஆலைச் செவிலி என்னும் பணிக்கு வயது 28 ஆகியிருந்தது.

இங்கிலாந்தின் நாரிச் நகரில் கடுகுத்தூள் தயாரித்து உலகெங்கும் விற்ற கோல்மன் ஆலை, 1878இல் பிலிப்பா பிளவர்டே என்னும் பயிற்சி பெற்ற செவிலியை வேலைக்கு அமர்த்தியது. பிரிட்டனின் முதல் ஆலைச் செவிலி என்று அவரையே குறிப்பர். ஆலையின் மருந்தகத்தில் மருத்துவருக்கு உதவுவது அவர் வேலையில் ஒரு பாதி. நோயுற்று வேலைக்கு வராத தொழிலாளர்களின் வீடுகளுக்குச் சென்று பார்ப்பது மறுபாதி. பத்தாண்டு கழித்து, 1888இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டிரிப்டன் என்னும் நிலக்கரிச் சிற்றூரில் பெட்டி மோல்டர் என்பவர் சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் கவனிக்க நியமிக்கப்பட்டார். அவரைப் பற்றிப் பெயருக்கு மேல் எஞ்சியிருப்பது மிகக் குறைவு.

எடா மாயோ ஸ்டூவர்ட்டைப் பற்றி அதைவிடக் கூடுதலாகத் தெரியும். 1895இல் வெர்மான்ட் மாநிலத்தின் ப்ராக்டர் என்னும் ஊரில் பளிங்குக்கல் நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்தின் பெயரே ஊருக்கும் பெயர். கல்லுடைக்க வந்தவர்கள் பல ஐரோப்பிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. அவர்களுடைய வீடுகளுக்கு ஸ்டூவர்ட் சைக்கிளில் போய்வந்தார். பிள்ளை பெற்ற பெண்ணைக் குளிப்பாட்டுவது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று தாய்க்குச் சொல்லித்தருவது, மருத்துவர் வரும்வரை காயத்தைக் கட்டிவைப்பது எல்லாம் அவர் வேலை. ஐம்பதாண்டுக்குப் பின், 1945இல், பொதுநலச் செவிலியர் இதழொன்றில் அந்நாட்களை அவரே நினைவுகூர்ந்து எழுதினார்.

மூன்று நியமனங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சம்பளம் தருவது ஆலை. செவிலி போய் நிற்பதோ தொழிலாளியின் வீட்டு வாசலில். வேலைக்கு வராதவனைத் தேடி ஆலையின் ஆள் ஒருவர் வருகிறார் என்றால், அந்த வீட்டில் எழும் முதல் ஐயம் என்னவாக இருந்திருக்கும்? நலம் விசாரிக்க வந்தவரா, நோய் மெய்யா பொய்யா என்று வேவு பார்க்க வந்தவரா? நல்லெண்ணத்தோடு செவிலியை அனுப்பிய முதலாளிகள் உண்டு. விடுப்பைக் குறைக்கும் சிக்கனமான வழியாக அவரைக் கண்ட முதலாளிகளும் உண்டு. ஒரே செவிலியை ஒரே முதலாளி இரண்டுக்குமாக அனுப்பியதும் உண்டு என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் ஆலைச் செவிலியருக்கென முதற்பயிற்சி வகுப்பு 1917இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது, அதை நடத்தியது மருத்துவத் துறை அன்று, வணிக நிர்வாகக் கல்லூரி. இச்சிறு செய்தி அக்காலத்தின் மனநிலையை நன்றாகவே காட்டிவிடுகிறது.

வீட்டு வாசல் ஏன் இத்துணை முக்கியம் என்பதை அறிய அக்காலத்து ஆலைகளின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும்.

லண்டனில் தீக்குச்சி செய்த பிரையன்ட் அண்டு மே ஆலையில் வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி பட்டுத் தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. 1895ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய நோயாளிகளைப் பற்றி அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆலையோ 17 பேரின் நோயை மறைத்தது. 1898இல் வழக்கு நடந்து, சில பவுன்களே அபராதம் விதிக்கப்பட்டது. 17 பேரும் பல்வலி என்று வீட்டில் முடங்கிய நாட்களில் அவர்களுடைய முகத்தைப் பார்த்த அண்டை அயலாருக்குத் தெரிந்த உண்மை, ஆலையின் ஏட்டில் இல்லை. மிலான் மாநாடு நடந்த அதே 1906இல், செப்டம்பர் மாதம், பெர்ன் நகரில் நாடுகள் சில கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் உடன்படிக்கை செய்துகொண்டன.

அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர் 1910இல் இல்லினாய் மாநில அரசுக்காக ஈய நஞ்சைப் பற்றி ஆராய்ந்தார். ஆலைகளில் கேட்டால், இங்கே அப்படி நோயே இல்லை என்ற விடை கிடைத்தது. அவர் மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர்களையும் பாதிரியார்களையும் விசாரித்தார். குடியேறிய தொழிலாளர்களின் வீடுகளுக்குப் படியேறிச் சென்றார். நோய் அங்கே இருந்தது. அவ்வாண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த இரண்டாவது சர்வதேச மாநாட்டுக்கு அவர் போனபோது, அமெரிக்காவின் நிலைமை குறித்து ஐரோப்பியர் கேட்ட கேள்விகளுக்கு அமெரிக்கரால் விடை சொல்ல இயலவில்லை. அந்நாட்டில் தொழில் சுகாதாரம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது யாவரும் அறிந்ததே என்று பெல்ஜிய அதிகாரி ஒருவர் பேச்சை முடித்துவைத்தார். பல ஆண்டுக்குப் பின் தன்வரலாற்றில் அந்த அவமானத்தை ஹாமில்டன் எழுதிவைத்திருக்கிறார்.

ஜப்பானில் 1913இல் இஷிஹாரா ஒசாமு என்னும் மருத்துவர் பட்டாலை, பஞ்சாலைப் பெண்களையும் காசநோயையும் பற்றி ஆற்றிய உரை அந்நாட்டை உலுக்கிற்று. சிற்றூர்களிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் அழைத்துவரப்பட்டு, ஆலை விடுதியில் தங்கி, இரவும் பகலும் மாறிமாறி வேலை செய்த இளம்பெண்கள் அவர்கள். நோய் முற்றியதும் ஊருக்கு அனுப்பப்பட்டனர். ஆலையில் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு சிறியது. ஊர் திரும்பியபின் இறந்தவர்களையும் எண்ணியபோதுதான் காசநோயின் முழு உருவம் தெரிந்தது. நோயாளியை வெளியே அனுப்பிவிட்டால் ஆலையின் ஏடு சுத்தமாகிவிடும் என்னும் உத்தி, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றிலும் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காமலே விளைந்தது.

ஆலையின் ஏட்டையும் தொழிலாளியின் வீட்டையும் ஒருங்கே அறிந்தவர் மிகச் சிலர். மருத்துவர் பெரும்பாலும் ஆலைக்குள் வாரத்தில் சில மணி நேரமே இருப்பார். அரசின் ஆய்வாளர் ஆண்டில் ஓரிரு முறை வந்துபோவார். நாள்தோறும் அறைக்குள் அமர்ந்து யார் எந்தப் பிரிவிலிருந்து இருமிக்கொண்டு வருகிறார், யார் கைநடுக்கத்தோடு வருகிறார் என்று எழுதிவைப்பவர் செவிலி. ஒரே பட்டறையிலிருந்து ஒரே மாதத்தில் நான்கு பேர் அதே வயிற்றுவலியோடு வந்தால், முதலில் கண்ணில் படுவது அவருக்குத்தான். அதை எழுதினால் யாரிடம் கொடுப்பது? கொடுத்தபின் வேலை நிலைக்குமா?

தமிழில் செவிலி என்னும் சொல்லுக்கே இதில் பங்குண்டு என்று தோன்றுகிறது. அகப்பாடல்களின் செவிலித்தாய் தலைவியை வளர்த்தவள். தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துவாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். உரிய நேரத்தில், உரியவரிடம், மறையை வெளியிடுவதற்கு அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயர் வைத்தது. மறைப்பதும் வெளிப்படுத்துவதும் இரண்டுமே அறமாகலாம். எப்போது எது என்பதே கேள்வி. ஆலைச் செவிலியின் ஏட்டுக்கும் இக்கேள்வி அப்படியே பொருந்தும்.

முதல் உலகப்போர் இப்பணியைப் பெருக்கிற்று. பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் டி.என்.டி. தூளைக் கையாண்ட பெண்களின் தோலும் முடியும் மஞ்சளாயின. கேனரிப் பறவைகள் என்று வேடிக்கையாக அவர்களை அழைத்தனர். அவர்களுள் சிலர் ஈரல் கெட்டு இறந்தது வேடிக்கையன்று. 1916இல் அந்த நச்சுக் காமாலை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. இரண்டாம் போரின்போது, 1940இல், போர்த்தளவாட ஆலைகள் மருத்துவரையும் செவிலியையும் நியமிக்கவேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெற்றார். அமெரிக்காவில் 1942இல் ஆலைச் செவிலியருக்கென நாடு தழுவிய சங்கம் உருவாயிற்று. 1977இல் அச்சங்கம் தன் பெயரில் ஆலை என்னும் சொல்லை நீக்கித் தொழில்நலம் என்னும் சொல்லை வைத்துக்கொண்டது. ஆலைச் செவிலி என்றால் ஆலையின் செவிலி. தொழில்நலச் செவிலி என்றால் நலத்தின் பக்கம் நிற்பவர். பெயர் மாற்றத்தின் பின்னால் இருந்தது மேற்சொன்ன பழைய சிக்கல்தான்.

செவிலியருக்கு உலக அளவில் கூடத் தெரியாமல் இல்லை. சர்வதேசச் செவிலியர் மன்றம் 1899இலேயே தோன்றியது. 1908இல் உருவான இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1912இல் அதில் இணைந்தது. ஆயினும் அம்மன்றத்தின் பேச்சில் மேலோங்கியிருந்தது மருத்துவமனையும் செவிலியர் கல்வியும். ஆலைக்குள் இருந்தவர்களின் இடர்ப்பாடு வேறு வகையானது. மருத்துவமனையில் ஒரு செவிலிக்கு மேலே மூத்த செவிலி இருப்பார். பக்கத்துப் படுக்கையருகே இன்னொருவர் இருப்பார். தவறு நேர்ந்தால் கேட்க ஆளுண்டு, அநியாயம் நேர்ந்தால் சொல்லவும் ஆளுண்டு. ஆலையில் பெரும்பாலும் ஒரே செவிலி. அவருக்கு மேலாளர் பணியாளர் துறையைச் சேர்ந்தவர். இன்ன தொழிலாளிக்கு என்ன நோய் என்று அந்த மேலாளர் கேட்டால், சொல்லக்கூடாது என்று மறுக்கும் செவிலி தன் தனிப்பட்ட பிடிவாதத்தால் மறுக்கிறார் என்றே கருதப்படும். அது தொழிலின் நெறி என்று காட்ட அவர் கையில் ஒரு தாளாவது வேண்டும். அந்தத் தாளை எழுதுவதற்குத்தான் நாடு கடந்து கூட வேண்டியிருந்தது.

மிலானில் பிறந்த ஆணையத்தின் மாநாடுகளே அதற்கும் இடமாயின. போர்களுக்குப் பின் 1948இல் லண்டனில் அது மீண்டும் கூடிற்று. 1966இல் வியன்னாவிலும் 1969இல் டோக்கியோவிலும் மாநாடு நடந்த காலத்தில் ஆணையத்துக்குள் செவிலியருக்கென ஒரு துணைக்குழு உருப்பெற்றது. மிலானுக்கும் அதற்கும் இடையே அறுபது ஆண்டு. அத்துணைக்குழு முதலில் செய்தது ஆரவாரமற்ற வேலை. எந்த நாட்டில் ஆலைச் செவிலி என்ன செய்கிறார், என்ன பயிற்சி பெற்றிருக்கிறார் என்று விவரம் திரட்டி, தொழிலாளியின் உடல்நலத்துக்குச் செவிலியின் பங்களிப்பு என்னும் பொருளில் அறிக்கைகள் வெளியிட்டது. ஒரு நாட்டில் செவிலி ஆலைக்குள் புகுந்து தூசியையும் இரைச்சலையும் கவனித்துச் சொல்கிறார். இன்னொன்றில் தலைவலி மாத்திரை கொடுப்பதோடு நிற்கிறார். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தலைவலி மாத்திரையோடு நின்றவருக்குத் தன் வேலை குறுக்கப்பட்டிருப்பதே தெரியவரும். இன்று அது தொழில்நலச் செவிலியத்துக்கான அறிவியல் குழு என்று ஆணையத்தின் முறையான உறுப்பாகியிருக்கிறது.

1985 ஜூன் மாதம் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொழில்நலச் சேவைகள் பற்றிய 161ஆம் உடன்படிக்கையை ஏற்றது. போபால் நச்சுவாயுப் பேரழிவு நடந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, இச்சேவையில் பணிபுரிவோர் தம் பணியைப் பொறுத்தவரை முதலாளியிடமிருந்தும் தொழிலாளர்களிடமிருந்தும் முழுச் சுதந்திரம் உடையவர்கள் என்கிறது. 15ஆம் பிரிவு அதைவிட நுட்பமானது. தொழிலாளர்களின் நோயையும் நோயால் வரும் விடுப்பையும் பற்றித் தொழில்நலச் சேவைக்குத் தெரிவிக்க வேண்டும், வேலையிடத்தின் கேடுகளுக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டா என்று அவர்கள் கண்டறிவதற்காக. ஆனால் வேலைக்கு வராததன் காரணம் மெய்தானா என்று சரிபார்த்துவா என்று முதலாளி அவர்களை ஏவக் கூடாது.

நாரிச் நகரில் 1878இல் ஒரு செவிலி தட்டிய கதவுக்கு 107 ஆண்டு கழித்து எழுதப்பட்ட விடையாகவே அப்பிரிவைப் படிக்கலாம். வீட்டுக்குப் போவது நோயின் மூலத்தைத் தேடி. ஆளின் பொய்யைத் தேடி அன்று. இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்ட இந்தப் பாகுபாட்டுக்காக எத்தனை செவிலியர் எத்தனை அலுவலகங்களில் தனித்து நின்று வாதிட்டிருப்பர் என்பதற்கு ஏடு எதுவும் இல்லை.

1992இல் ஆணையம் தன் நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டது. 2002இலும் 2014இலும் அது திருத்தப்பட்டது. மருத்துவர், செவிலி, சுகாதாரப் பொறியாளர் என்று எல்லோரையும் ஒருசேரக் கட்டும் நெறி அது. தொழிலாளி இன்ன வேலைக்குத் தகுதியானவரா, எந்த வேலையை அவருக்குக் கொடுக்கலாகாது என்பதை மட்டுமே நிர்வாகத்துக்குச் சொல்லலாம். நோயின் பெயரைச் சொல்லலாகாது. மருத்துவக் கோப்பு நிர்வாகத்தின் கைக்குப் போகாமல் காக்கப்பட வேண்டும். இத்தாலி 2008ஆம் ஆண்டின் தன் தொழில்பாதுகாப்புச் சட்டத்தில், மருத்துவர் இந்நெறியின்படி பணியாற்ற வேண்டும் என்று எழுதியே வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துச் செவிலியர் 1993இல் தமக்கெனக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினர். நெறி என்பது சட்டமன்று, சம்பளம் கொடுப்பவர் இன்னும் ஆலைக்காரரே என்ற குறை அப்படியே இருக்கிறது. ஆனால் மறுக்கும் செவிலி இனித் தன் பெயரால் மறுக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் நிலை என்ன? லண்டன் மாநாடு நடந்த 1948இல்தான் இந்தியத் தொழிற்சாலைச் சட்டமும் இயற்றப்பட்டது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ, செவிலியப் பணியாளர்களின் பொறுப்பில் ஓர் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று அதன் 45ஆம் பிரிவு கூறியது. அதைச் செயற்படுத்த வந்த விதிகள் பல மாநிலங்களில் அந்த அறைக்கு ஒரு மருத்துவரைப் பொறுப்பாக்கி, அவருக்குத் துணையாகத் தகுதி பெற்ற செவிலி அல்லது டிரஸ்ஸர்-கம்பவுண்டர் ஒருவர் போதும் என்றன. இங்குள்ள ‘அல்லது’ கவனிக்கத்தக்கது. கட்டுப்போடும் வேலையும் நோயின் வரலாற்றை எழுதிவைக்கும் வேலையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, மருத்துவமனையில் குவிந்த மக்களுக்கு என்ன மருந்து கொடுப்பது என்று தெரியாமல் மருத்துவர்கள் திகைத்தனர். ஆலைக்குள் இருந்த வேதிப்பொருளைப் பற்றிய அறிவு ஆலைச் சுவருக்கு வெளியே இல்லை. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான வேலைகளில் இருப்போரின் உடல்நல ஏட்டைச் சரியாகப் பேண வேண்டும், அந்த ஏட்டைத் தொழிலாளி பார்க்க இடமளிக்க வேண்டும் என்று புதிய 41-சி பிரிவு கூறிற்று. ஏட்டைத் தொழிலாளிக்கும் திறந்துவிடுவது பெரிய மாற்றம்தான். அதன்பின் பல மாநிலங்களில் வந்த விதிகள் ஆபத்தான ஆலைகளைத் தொழிலாளர் எண்ணிக்கைப்படி பிரித்தன. 50 பேர் வரை இருந்தால் அழைத்தால் வரும் மருத்துவர் ஒருவர். 200 வரை பகுதிநேர மருத்துவர், கூடவே ஒரு டிரஸ்ஸர்-கம்பவுண்டர். 200ஐத் தாண்டினால்தான் வேலை நேரம் முழுவதும் ஒரு செவிலி, ஒரு டிரஸ்ஸர்-கம்பவுண்டர், துப்புரவும் வார்டு வேலையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆள். மருத்துவருக்குத் தொழில்நலத்தில் குறைந்தது மூன்று மாதப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி கேட்கிறது. செவிலிக்கு அப்படி எதையும் கேட்கவில்லை. கேட்காதது சலுகையன்று, அவர் வேலைக்கென்று தனி அறிவு எதுவும் தேவையில்லை என்னும் முடிவு.

இந்த எண்ணிக்கை வரம்புக்குக் கீழே என்ன நடக்கும் என்பதற்குக் குஜராத்தின் கோத்ரா வட்டாரம் சான்று. அங்கே குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் சிறு ஆலைகளில் மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா மாவட்டங்களிலிருந்து வந்த பழங்குடித் தொழிலாளர்கள் வேலை செய்தனர். மூச்சோடு போன மணல்தூசி நுரையீரலை இறுக்கியது. உழைக்க முடியாமற்போனதும் ஊர் திரும்பி இறந்தனர். அவர்களுடைய நோய் எந்த ஆலையின் ஏட்டிலும் ஏறவில்லை. சமூகப் பணியாளர்கள் சிற்றூர்தோறும் வீடுவீடாகச் சென்று எண்ணியபோதே வெளிப்பட்டது. 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம் குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் அதற்கு உத்தரவிட்டது 2016இல். இஷிஹாரா ஒசாமு 1913இல் கண்ட அதே உத்தி, நூறு ஆண்டு கழித்தும் அதே பலனைத் தந்திருந்தது. நோய் ஊருக்கு, சுத்தமான ஏடு ஆலைக்கு.

161ஆம் உடன்படிக்கையை இந்தியா இதுவரை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக, தொழில்பாதுகாப்பு, உடல்நலம், வேலைநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசு வகுக்கும் பிரிவினருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டிய கடமையை அது முதலாளிகளுக்கு விதிக்கிறது. பெருந்தொகையான பரிசோதனை முடிவுகள் இனி ஆலைகளில் சேரும். அவற்றை அடுக்கி, வரிசைப்படுத்தி, அலமாரியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது யார்? அந்தச் சாவியைப் பணியாளர் துறை கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு எந்த விதி துணை நிற்கும்?

மிலானில் தொடங்கிய ஆணையத்தின் அடுத்த மாநாடு 2027இல் மும்பையில் கூடவிருக்கிறது. செவிலியரின் அறிவியல் குழுவுக்கும் அங்கே இடமுண்டு. நாரிச், ப்ராக்டர் நாட்களிலிருந்து வரும் கேள்விகளைப் பேசப் பல நாட்டுச் செவிலியர் வருவர். மும்பையைச் சுற்றி, தாணேயிலும் ராய்கட்டிலும், வேதிப்பொருள் ஆலைகள் ஏராளம்; அவற்றின் நல மையங்களில் செவிலியரும் உண்டு. மாநாட்டுக்குப் போக அவர்கள் விடுப்பு கேட்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் ஒரு செவிலி அறையில் இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த ஒருவருக்கு மாற்றாள் வைத்து அனுப்புவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது, வழக்கம்போல, ஆலை நிர்வாகம்.